சீன்காரர் செய்த நாற்காலி

ஓர் இயந்திரத்தைப் பார்த்து, "இதுக்கு என்னய்யா கவலை?" என்று கேட்ட ஒரே மனிதர் இந்தச் சிங்கப்பூரிலேயே எங்கள் ஆபீஸ் சீன்காரர்தான்.

சிராங்கூன் ரோடு நாடகங்களுக்குக் காடும் அரண்மனையுமாக 'சீன்' திரை எழுதியவர்; அதனால் வந்த பெயர். நாடகம் படுத்ததும், ராஃபிள்ஸ் பிளேஸில் புதுக் கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டண்ட் உரிமை வாங்கித் தரும் எங்கள் வக்கீல் ஆபீசுக்குப் படம் வரைய வந்தார். நான் அங்கே டைப்பிஸ்ட். வந்த புதிதில் ஒரு தண்ணீர் பம்புக்குப் பின்னால் மலையும் நிலாவும் வரைந்து வைத்தார். வெள்ளைக்கார வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருமுறை செம்பவாங் டாக்யார்டு ஃபிட்டர் ஒருவர், பைப்பை இறுக்கிப் பிடிக்கத் தான் செய்த கிளாம்ப்பை விளக்கத் தெரியாமல் திருதிருவென விழித்தார்.

"பேசாதீங்க. அந்த கிளாம்ப்பா நடிச்சுக் காட்டுங்க" என்றார் சீன்காரர்.

ஃபிட்டர் மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்த வக்கீல் பதறிப்போய், இவருக்கு வலிப்பா என்று கேட்டார்.

"இல்ல சார், இவர்தான் கிளாம்ப். முழங்கையைப் பாருங்க, அங்கதான் புதுசு இருக்கு!"

அந்த வளைவை வைத்தே விண்ணப்பம் எழுதினோம். பேட்டண்ட் கிடைத்தது. அன்றுமுதல் வக்கீல் இவரைக் கேட்காமல் ஒரு வரி எழுதமாட்டார்.

வருகிறவர்களிடமெல்லாம் சீன்காரர் ஓதுவது ஒன்றுதான்: "பதியறதுக்கு முன்னாடி பெத்த தாய்க்கும் காட்டாதீங்க. ஊர் பார்த்துட்டா உரிமை போச்சு லா."

அவருடைய ஒரே மகளுக்கு இளம்பிள்ளை வாதம், நடக்க முடியாது. அவளுக்காக ஒரு சக்கர நாற்காலி செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் இருக்கை ஆள் உயரத்துக்கு எழும்பும். வக்கீல் அசந்துபோய், தன் செலவிலேயே பதிவதாகச் சொன்னார். சீன்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"எத்தனை திரை எழுதினேன் தம்பி, ஒண்ணுலயும் என் பேர் இல்ல. இதுல இருக்கும்."

விண்ணப்பம் போக ஒரு வாரம் இருக்கையில் தைப்பூசம் வந்தது. மகளுக்கு மூச்சுத் திணறல் முற்றி, டாக்டர் கையை விரித்துவிட்டார். ரதம் பார்க்க வேண்டும் என்றாள் அவள். சீன்காரர் நாற்காலியைச் சாலைக்குத் தள்ளிவந்து, அத்தனை கூட்டத்துக்கும் மேலே அவளை உயர்த்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். உரிமை போயிற்று.

"ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணே?" என்றேன்.

"நான் பொறுப்பேன் தம்பி. அவளால முடியாது லா."

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். அதன்பின் ஆபீசில் யாரையும் அவர் நடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை.

சில வருடங்களில் அதே மாதிரி நாற்காலிகள் கடைக்கு வந்தன. ஒரு நாள் நாங்கள் இருவரும் நடந்து போகையில், ஒரு தாய் அப்படியொன்றில் தன் பையனை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். இதைச் செய்தவர் இவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சீன்காரர் என்னைத் தடுத்துவிட்டு அவளிடம் போனார்.

"கைப்பிடியை இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்கம்மா. பிள்ளைக்கு நல்லாத் தெரியட்டும்."

நல்ல மனிதர்.