ஆறு கிலோ குழந்தைகள்

"ஆறு கிலோவா?"

"ஆறே கால் மேடம்."

"பொறந்த குழந்தையா?"

மேடத்துக்குப் பதில் சொல்லிட்டிருந்தவங்க பை அக்கா. அவங்க இஞ்சினியர். குறைமாசத்துல பொறக்குற குழந்தைங்க உடம்பு சில்லுன்னு ஆகாம இருக்க, கரண்ட் இல்லாமலே சூடு நிக்கிற ஒரு பையை மூணு வருஷமா உக்காந்து செஞ்சாங்க. அதான் அந்தப் பேரு. பைக்கு அடியில குட்டியா ஒரு மெஷின். உள்ள வச்சது எத்தனை கிலோ, எவ்வளவு நேரம், எல்லாத்தையும் அதுவே பதிஞ்சுக்கும். தகர வீடுங்களுக்கு நடுவுல இருக்குற இந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மாசம் முன்னாடி சோதனைக்குன்னு ரெண்டு பை குடுத்திருந்தாங்க.

இன்னிக்கு நிதி குடுக்குற எடத்துல இருந்து மேடம் வந்திருக்காங்க. அவங்க சரின்னு சொன்னா நாப்பது ஆஸ்பத்திரிக்குப் பை போகும். இல்லன்னா இந்த மாசத்தோட கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மெஷின் என்ன சொல்லுதுன்னா, பையை முப்பத்தோரு தடவை உபயோகிச்சாச்சு. சராசரி எடை ஆறே கால் கிலோ.

"இரட்டைக் குழந்தைங்க மேடம்." வாயில வந்ததைச் சொல்லிட்டாங்க. "ஒண்ணா படுக்க வச்சிருப்பாங்க. மூணு, மூணு."

"முப்பத்தோரு தடவையும் இரட்டையா?"

"இந்த ஏரியால கொஞ்சம் ஜாஸ்தி."

மேடம் அதை எழுதிக்கிட்டாங்க. அதோட விட்டிருந்தா பரவால்ல. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்குப் போன் போட்டு, "டாக்டர், ரெண்டே மாசத்துல முப்பத்தோரு ஜோடி. தண்ணில ஏதாவது கலந்திருக்குமா?"ன்னு கேக்குறாங்க. தண்ணியை டெஸ்ட் பண்ண ஆள் அனுப்புறேன்னுட்டார் டாக்டர்.

பை அக்கா அவசரமா குறுக்க வந்தாங்க. "மேடம், மெஷின் ரெண்டு மடங்கா காட்டுதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப நேரமும் தப்பா?"

"நேரம் சரி மேடம். எடை மட்டும்..."

"பாதி பொய் சொல்ற மெஷினா? வாங்க, வார்டையே பாத்துடலாம்."

வார்டுல ஆறு கட்டில், ஆறு அம்மா. ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் ஒரே ஒரு குழந்தை, துணியால கட்டி ஒட்டிக்கிட்டுத் தூங்குது. பையில ஒண்ணுகூட இல்ல.

"சிஸ்டர், குழந்தையைப் பையில வைக்கிறதே இல்லையா?" பை அக்கா வார்டு நர்ஸைக் கேட்டாங்க.

"எதுக்கும்மா? நெஞ்சுல போட்டா பிள்ளைக்கு அதுவே போதும்."

மேடம் ஃபைலை மூடிட்டாங்க. மூணு வருஷம், போச்சு.

அப்ப கடைசிக் கட்டில் அம்மா போர்வையை விலக்கிக் காட்டுனாங்க. முழங்கால் வரைக்கும் ரெண்டு காலும் பைக்குள்ள.

"பிள்ளைக்கு நான் இருக்கேன். பெத்து முடிச்சதும் எனக்குத்தான் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஆயாம்மாதான் இதை மாட்டிவிட்டாங்க. இங்க எல்லாருக்கும் அவங்கதான்."

மேடம் மறுபடி ஃபைலைத் திறந்து, தரை துடைச்சிட்டிருந்த ஆயாம்மாவைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. பை குழந்தைக்கு இல்ல, அம்மாவுக்குன்னு எழுதுனாங்க; நாப்பது ஆஸ்பத்திரி எண்பதாச்சு. படிவத்துல 'கண்டுபிடித்தவர்'னு ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு. நீங்களா இருந்தா அதுல யார் பேரைப் போடுவீங்க?