சீல் சார் பிரித்த ஒரே பெட்டி

போர்டு கேம்களை எங்கள் மேனாம்பேட்டு அடுக்ககத்து சீல் சாரைப் போல நேசித்தவர் பூமியில் இன்னொருவர் கிடையாது. அவரைப் போல அவற்றை ஆடாதவரும் கிடையாது.

சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பெட்டிகள். ஒன்றின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதனால்தான் அந்தப் பெயர். ஒரே விளையாட்டில் இரண்டு வாங்குவார்: ஒன்று வைத்துக்கொள்ள, இன்னொன்று ஆட. ஆட வாங்கியதன் உறை அழகாக இருக்கிறதே என்று மூன்றாவதும் வாங்குவார். ஞாயிறுதோறும் என்னையும் கீழ்வீட்டு ஆட்டோ மணியையும் கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, ஒரு பெட்டியைக் கையில் தருவார். பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

மணி ஒருநாள் கேட்டே விட்டார்: "இன்னா சார், பிரியாணி பொட்டலத்த மோந்து பாத்துட்டு ஊட்டுக்குப் போவச் சொல்றியே?"

"பிரிச்சா வேல்யூ போயிடும் மணி."

மார்கழி பிறந்ததும் அவர் மனைவி தீர்ப்புச் சொன்னார். போகிக்குள் ஆடாத பெட்டிகள் போகியன்று காயலான் கடைக்குப் போகும். ஆடியதற்குச் சான்று என் கையெழுத்து. நான் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர். அன்றே பெட்டிக்கு ஒரு படிவம் தயாரித்தேன். பெயர், ஆடிய நாள், வென்றவர், நேரில் கண்டவர்.

சீல் சார் ஓடி வந்தார். "சார், மொத்தத்துலயும் ஒரு சைன் போட்டுடுங்களேன்."

"ஆடாத ஆட்டத்துக்குச் சான்று கொடுக்க விதியில இடமில்ல சார்."

வேறு வழியில்லை. ஞாயிறு காலை, ஒரு கப்பல் வியாபார விளையாட்டின் மேல் பிளேடு வைத்தார். பிளேடு இறங்கவே இல்லை. மணி முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உறை கிழிந்தபோது சீல் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவியும் சேர்ந்து நான்கு பேர் உட்கார்ந்தோம். விதிப் புத்தகத்தை நானும் சீல் சாரும் ஒரு மணி நேரம் படித்தோம். படிக்காத மணி ஜெயித்தார்.

சீல் சார் எழுந்து நின்றார். "இன்னொரு ஆட்டம்."

அதிலும் மணி. மறுநாளும் மணி. அலுவலகத்திலிருந்து வந்த சீல் சார் ஷூவைக்கூடக் கழற்றாமல் பலகை முன் உட்கார்ந்தார். அவர் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் இருமுறை மாடியேறி வந்தார். ஒருநாள் பஜ்ஜி எண்ணெய் பலகையிலிருந்த துறைமுகத்தின் மேல் சொட்டியது.

"சார், எண்ணெ கொட்டிக்கினு கீது."

"அத வுடுய்யா. உருட்டு."

போகிக்கு முதல் நாள்தான் உறைத்தது: மாதம் முழுக்க ஒரே விளையாட்டையே ஆடியிருக்கிறோம். மற்ற பெட்டிகளெல்லாம் உறைக்குள்ளேயே இருந்தன. சீல் சார் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை கையெழுத்துக் கேட்கவில்லை.

போகி காலையில் அவர் மனைவியிடம் படிவக் கட்டைக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. தினமும் எங்களோடு ஆடிய அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு பரணிலிருந்த பழைய மிக்சியை இறக்கிக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தார்.

முப்பத்தாறு வருடம் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்திடாதவன் நான். 'வென்றவர்' என்ற இடத்தில் எல்லாப் படிவத்திலும் சீல் சார் பெயரையே எழுதியிருந்தேன். பாவம், மனிதர் மணியிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.