தொடுதிரைச் சித்தரும் தோஷ விரல்களும்

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம். தேரைத்தான் காணோம். சிவப்புப் பட்டின்மேல் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் வீற்றிருந்தது. போன மாதம்தான் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்த சரக்கு. டவுன் கடைகளுக்குக்கூட இன்னும் வரவில்லை. பித்தானே இல்லாத கண்ணாடி, விரல் பட்டால் வேலை செய்கிறதாம்! மற்றவர்கள் அதில் படம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க, குகனேஸ்வரன் அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

போன வருஷம்வரை தாப்பா டவுனில் தண்ணீர் வடிகட்டிகள் விற்றவர். இப்போது தொடுதிரைச் சித்தர். பதவி உயர்வு என்றால் இதுவல்லவா!

திரையில் ஒரு குத்துவிளக்குப் படம். தொட்டதும் சுடர் எரிந்தால் நீங்கள் புண்ணியசாலி. எரியாவிட்டால் கையில் தோஷம். அது நீங்க ஒரு பவுன் நகையைச் சித்தரிடம் கழற்றிக் கொடுக்க வேண்டும். தோஷத்தைத் தங்கம் மட்டும்தான் உறிஞ்சுமாம். பித்தளைக்கு அந்த ஞானம் இல்லையாம்.

கொழுந்து பறிக்கும் கங்கா முதல் நாளே தொட்டாள். அழுத்தினாள், தேய்த்தாள். எரியவில்லை.

"இந்தக் கையால பிள்ளையத் தூக்காதம்மா. தூக்குனா மூணு மாசம் தாண்டாது" என்றார் சித்தர், மழை வரும் என்று சொல்வதுபோல.

ஒன்பது நாளாகிறது. எட்டு மாதப் பெண் குழந்தை. புருஷன் சுகுமாரன்தான் புட்டிப்பால் கொடுக்கிறான். குழந்தை கையை நீட்டும்போதெல்லாம் கங்கா தன் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். இன்று கல்யாண வளையலைக் கழற்றிப் பிடித்தபடி வரிசையில் நின்றாள். பின்னால் சுகுமாரன், தோளில் சிணுங்கும் குழந்தை.

பக்கத்து வீட்டுக் குமுதா வந்து சேர்ந்தாள். திரிங்காப் ஊர்க் காய்கறித் தோட்டத்தில் வேலை. கையில் ஒரு பை.

"அக்கா, உங்களுக்கும் எரியலதானே? நகை கொண்டாரலையா?"

"எனக்கு எரியல, உனக்கு எரியல, மண்வெட்டி பிடிக்கிற இருளப்பன் அண்ணனுக்கு எரியல. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிக்கு எரிஞ்சிச்சு, அவரு சம்சாரத்துக்கும் எரிஞ்சிச்சு. ஏன்டி, பாவம் பூரா நாமதான் பண்றோமா? கிராணி கொழுந்து நிறுக்குறப்ப பண்றதெல்லாம் புண்ணியமா லா?"

"சாமி குத்தம்க்கா, பேசாதீங்க."

"விரலக் காட்டு." காட்டினாள். கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்தே காய்த்துத் தடித்து, மலைக்குளிரில் வறண்டு வெடித்த விரல். "இது தோலா, செருப்பா? எங்க மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கேயோட புதுப் போனும் இதே கண்ணாடிதான். என் விரலுக்கு அசையாது. ஆனா வெள்ளரிக்காக் கூடையில விழுந்து, தானா அவரு மாமியாருக்குப் போன் போட்டுருச்சு!"

வரிசையை இடித்துக்கொண்டு குமுதா முன்னே போனாள். பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, முனையைக் கடித்துத் துப்பினாள்.

"சாமி, இதுக்குத் தோஷம் இருக்கான்னு பாருங்க."

சித்தர் தடுப்பதற்குள் ஈர முனை விளக்கைத் தொட்டது. சுடர் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

மண்டபமே எட்டிப் பார்த்தது.

"அது... சைவக் காய்! அதனாலதான்!" என்றார் சித்தர்.

"அப்படியா? ஹாஜா மைதீன் கடையில ஒரு கோழிக்கால் வாங்கியாரவா? வச்சுப் பாப்போம் லா!"

சித்தரின் கை அதுவரை சேர்ந்த நகை மூட்டையை நோக்கி நகர்ந்தது. அதற்குமுன் வரிசையில் நின்ற இருளப்பன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

குமுதா கங்காவை இழுத்தாள். "காஞ்சு தடிச்ச தோலு இந்தக் கண்ணாடிக்குத் தெரியாதுடி. விரல நாக்குல நனைச்சுத் தொடு."

தொட்டாள். எரிந்தது. ஒரு கணம் திரையையே பார்த்தவள், வெடுக்கென்று திரும்பி, சுகுமாரன் தோளிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். ஒன்பது நாள் அழுகையைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதார்கள்.

சித்தர் பின்வாசல் வழியாக முக்தி அடைந்தார். ஆனாலும் நம் மக்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு பெரியவர் பயபக்தியோடு குமுதாவிடம் கேட்டார்: "அம்மா, அந்த வெள்ளரிக்கா எந்தத் தோட்டத்துக் கொடியில காய்ச்சது? ஒரு பூசை போட்டுறலாமா?"

"போடுங்கய்யா" என்றாள் குமுதா. "விரல் காய்ச்சுப் போனா உழைச்சதுன்னு அர்த்தம். மூளை காய்ச்சுப் போனா, அத ஒரு நாளும் உழைக்க விடலன்னு அர்த்தம்."