கூட்டிப் பெருக்கிய மைதானம்

புதுச்சேரி,
வைகாசி, 1959

சௌபாக்கியவதி அமிர்தவல்லிக்கு உன் புருஷன் பலராமன் மனசார ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உன் முருங்கை மரமும் சுகம். அங்கே சுலோசனாவும் பச்சைக் குழந்தையும் சுகமென்று நம்புகிறேன். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் பார்க்கத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டியதுதான். எனக்காக அவசரப்பட்டு வந்துவிடாதே. ரசம் நானே வைக்கிறேன். அதை ரசமென்று நான் ஒருவன்தான் சொல்கிறேன்.

நிற்க, நம் மில்லுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது, அதை வரவழைத்தவன் நான்தான் என்று தெருவே பேசுகிறது. சென்னையிலிருந்து தெய்வசிகாமணி என்று ஓர் இளைஞர் வந்திருக்கிறார். ஊரை எப்படிப் புதுப்பிக்கலாம், எந்த வெளியிடத்தை விட்டுவைக்கலாம், எதில் கட்டிடம் எழுப்பலாம் என்று ஆராய்ச்சியாம். அளவு நாடாவோடு ஆள் வருகிறார் என்றதும் எனக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் மேரி என்கிற நகரசபை ஆபீசிலிருந்து ஆள் வந்தால் மாடு கட்டினவனுக்கும் அபராதம், வடகம் காயப்போட்டவளுக்கும் அபராதம் இல்லையா? அதனால் நான் முந்திக்கொண்டு தெருவையே கிளப்பி, கொளஞ்சியின் எருமையை ஓட்டி, துணிக்கொடிகளை அவிழ்த்து, சடுகுடு ஆடுகிறவர்களைத் துரத்தி, மைதானத்தைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்தேன். கோலம்தான் பாக்கி. சென்னை இளைஞர் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு பொழுதெல்லாம் பார்த்தார். ஒரு காக்கை வந்தது. அதையும் விரட்டினேன்.

"ஐயா, இங்க யாருமே வர்றதில்ல போல. கடைங்க கட்டலாம்னு எழுதிடறேன்" என்றார்.

"யாரு தம்பி வர்றதில்லன்னது? எம் பொஞ்சாதி வருவா! நாள் பூரா அடுப்புல வெந்துட்டு, பொழுது சாயறப்ப அந்தப் பூவரச மரத்தடியில வந்து காலை நீட்டி ஒக்காருவா. அப்பதான் அவ சிரிக்கிறதே. ஊட்ல அந்தச் சிரிப்பு எனக்குக் கெடைக்காது. சன்னல்லேர்ந்து பாத்துக்கினு இருப்பேன்" என்று கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. கொளஞ்சி என்னைப் பார்த்தாலே இப்போது வாயைப் பொத்திக்கொள்கிறான்.

அந்த இளைஞர் சிரிக்கவில்லை. "நீங்க ஏன் கூடப் போயி உக்கார்றதில்ல?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. "யாரு சொன்னது? தெனமும் ரெண்டு பேருந்தான் ஒக்கார்றோம்" என்று அண்டப்புளுகு புளுகினேன். "அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து பாக்கறேன். பாத்துட்டு முடிவா எழுதறேன்" என்று போய்விட்டார்.

எருமை திரும்பி வந்துவிட்டது, துணியும் காய்கிறது. மைதானத்தைத் தெருக்காரர்கள் எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள். நீ நிதானமாக வா. சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கும் சுலோசனாவுக்கும் ஆசி, குழந்தையின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
பலராமன்

பின்குறிப்பு: நிதானமாக வா என்று எழுதியதை அடித்துவிடு. பத்தியத்தைச் சம்பந்தி அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. எருமைக்கும் துணிக்கும் ஆள் இருக்கிறது. என்னோடு வந்து உட்கார நான் யாரைத் தேடுவேன்? ஒத்திகை பார்க்கலாமென்று நேற்றுச் சாயங்காலம் தனியாகப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். அங்கே இவ்வளவு காற்று வருமென்று நீ சொன்னதே இல்லையே! சொல்லியிருந்தால் மட்டும் வந்திருப்பேனா, அது வேறு. நீ எந்தப் பக்கம் உட்காருவாய் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.