பேர் சொல்லாமல் ஜெபிக்கிறவர்

பாளையங்கோட்டையில் கொசுவுக்கு மருந்தடிக்க ஆள் வருவார்கள். ஆறுதல்காரருக்கு அடிக்க இன்னும் மருந்து வரவில்லை. உங்களுக்குக் கவலை இருக்கிறதோ இல்லையோ, அதைப் போக்கியே தீருவது என்று ஒருவர் தெருமுனையில் காத்து நிற்பார். அந்த இனத்தில் நல்ல வளர்த்தியான மாதிரி வேண்டுமென்றால் எலியேசரைப் பாருங்கள். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மன அழுத்தத்தைப் பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், மத்தியானம் பிரியாணியும் சாயங்காலம் சான்றிதழும் வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஊர் மனசு மொத்தமும் அவர் பொறுப்பு.

நீங்கள் பாட்டுக்குச் சந்தையில் சாளை மீன் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வருகிறீர்கள் என்று வையுங்கள்.

"என்னவே, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கேங்கவன்தாம்வே உள்ளுக்குள்ள நொறுங்கிக் கெடக்கான். மூச்சப் பைய இழும்."

நாலு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விடுவதற்குள் மீன் நாறத் தொடங்கிவிடும். அப்புறம் சீரகத் தண்ணீரின் மகிமை, வெறுங்கால் நடையின் மகிமை, செல்போனை ஒதுக்கி வைப்பதன் மகிமை. இந்தக் கடைசி மகிமையைச் சொல்கிறவர்தான் தினமும் விடியுமுன்னே "இன்றைய அமைதி வசனம்" அனுப்பி நூற்றிருபது பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறவர். எல்லாம் முடிந்து, உங்கள் தோளில் கையைப் போட்டு அந்த வாசகத்தைச் சொல்லுவார்: "மனசுல வச்சுக்கிடாதேயும். எங்கிட்ட கொட்டிரும்."

கொட்டலாம். அள்ளுவது யார்? அவர் மனைவி சாரம்மாளுக்கு இது தெரியும். தலைவலி என்றால்கூடப் பக்கத்து வீட்டு ஷரீபா பீவியிடம்தான் போய்ச் சொல்லுவாள்.

ரிச்சர்டுக்குத் தெரியவில்லை, பாவம். கணக்கு வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எலியேசர் தோளில் கையைப் போட்டதும் மனுஷன் உடைந்துவிட்டார்.

"ஆறு மாசமா ஒறக்கமே இல்ல அண்ணாச்சி. போர்டுல எழுதுனா கை நடுங்குது. மனநல டாக்டர் ஒருத்தரப் பாத்தேன். மாத்திர சாப்பிட்ட பொறவு இப்பந்தான் கொஞ்சம் தேவல. வெள்ளிக்கெழம திரும்ப வரச் சொல்லியிருக்காரு. வெளிய தெரிஞ்சா என்னால தாங்க முடியாது. வீட்டுல எம் பொண்டாட்டி ரீபாவத் தவிர யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுன்னு வச்சுக்கிடும்," என்றார் எலியேசர். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எலியேசர் புறங்கூறுகிறவர் அல்ல. புறங்கூறுவது பாவம் என்று சின்ன வயசில் ஞாயிறு வேதப் பள்ளியிலேயே படித்தவர். அவர் ஜெபக் குறிப்பு மட்டும்தான் கொடுப்பார். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் பதினாலு பேர் முழங்காலில் நிற்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார்:

"ஆண்டவரே, பேரைச் சொல்ல விரும்பவில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துகிற உம்முடைய அடியானை நினைத்தருளும். நீல ஸ்கூட்டரில் வருகிறவர், ஆண்டவரே. வாட்டர் டேங்க் பக்கத்து மாடி வீடு. மனநல டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறார். இது வெளியே தெரியாதபடி நீரே காத்துக்கொள்ளும்."

சர்வ வல்லவருக்கு இவ்வளவு அடையாளம் தேவைப்படுமா? படாது. ஆனால் பதினாலு பேருக்குத் தேவைப்பட்டது. அன்றைக்கு "ஆமென்" வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போய் போன் பேச வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை தலைமையாசிரியர், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்," என்று அன்பாகச் சொல்லிப் பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிச்சர்ட் டாக்டரிடம் போகச் செருப்பு மாட்டும்போது வாசலில் வேதப்புத்தகமும் தலையில் பூச எண்ணெய்க் குப்பியுமாக ஜெபக் கூட்டத்தார் ஐந்து பேர். முன்னால் நின்ற ஃபெபி டீச்சர், "மாத்திரல்லாம் வேண்டாம் சார். எங்க அத்தான் ஒருத்தரு அதச் சாப்பிட்டுத்தான்..." என்று ஆரம்பித்து, அத்தானைக் கல்லறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். ரிச்சர்ட் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார்.

மறுநாள் காலையில் ரீபா எலியேசர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவிய மாத்திரைய நிப்பாட்டிட்டாவ. அறையவிட்டு வெளிய வரமாட்டேங்காவ. உங்கள நம்பித்தான மாமா சொன்னாவ?"

எலியேசருக்கு நெஞ்சு பதறிவிட்டது. நிஜமாகவே பதறியது, இந்த இனத்துக்கு இரக்கத்தில் குறையே கிடையாது. "நான் யார்ட்டயும் சொல்லலம்மா. ஆண்டவர்ட்டதான் சொன்னேன். கவலப்படாத, இன்னைக்கு உன்னையும் சேத்துக்கிடுதேன்," என்றார்.

ரீபா படியிறங்கப் போனவள் திரும்பி நின்றாள்.

"ஜெபிங்க மாமா. வேண்டாம்னு சொல்லல. வாய மூடிக்கிட்டு ஜெபிங்க. ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

உள்ளே சாரம்மாள் சிரித்தது கேட்டது. எலியேசர் நாலு எண்ணி மூச்சை இழுத்துப் பார்த்தார். ஏழு வரை நிற்கவில்லை. யாரிடமாவது மனசைக் கொட்டினால் தேவலை போலிருந்தது. தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் அவரோடு முழங்காலில் நின்றவர்கள். பேர் சொல்லாமல் சொல்லுவது எப்படி என்று அவரிடமே பழகியவர்கள். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ரீபா லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு வாரம் மன்றாடி, உறவுக்காரர் கல்யாணம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, புருஷனை வேறோர் ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இப்போது மாசத்துக்கு ஒரு கல்யாணம். ரிச்சர்ட் தூங்குகிறார். போர்டில் கோடு நேராக விழுகிறது. பத்தாம் வகுப்பும் திரும்பக் கிடைத்துவிட்டது.

அதெல்லாம் சரி, எந்த ஊர், எந்த டாக்டர் என்றுதானே கேட்க வருகிறீர்கள்? தெரிந்தால் யாருக்காவது உதவுமே என்கிறீர்களா?

எலியேசரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு அலைகிறார்.