அவசரப் பெட்டியும் மூன்றாவது பத்தியும்

மேலே வெள்ளைச் சட்டை, நீல டை. கீழே கட்டம் போட்ட கைலி. இந்தக் கோலத்தில் மடிக்கணினி முன் உட்கார்ந்து கமாலுதீன் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த முகம் வாயைத் திறந்தபடியே நின்றுபோயிருந்தது.

"சார், ஏதாவது பேசுங்க, சோதனைக்குத்தான்" என்றார் லேண்ட்லைன் போனில் பூமிநாதன். சென்னையில் இருக்கும் காப்புரிமை முகவர்.

"பேசிக்கிட்டேதான் இருக்கேன்."

"எனக்கு உங்க பல்லு மட்டும்தான் தெரியுது. மூணரைக்கு ஹியரிங். நாப்பது நிமிஷம்தான் இருக்கு. இன்னைக்கு விட்டா மனு தள்ளுபடி, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கமாலுதீன் ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் செல்போன் கோபுரம் ஏறி இறங்கிய மனிதர். ஒரே அலைவரிசையைப் பத்துப் பேர் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது? வந்த வரிசைப்படி கொடுக்கக் கூடாது, தேவை அதிகமுள்ளவருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாள் பளிச்சென்று தோன்றியது. லீவில் ஊருக்கு வந்து, இரண்டு மாதம் வீட்டில் சும்மா படுத்துக் கிடந்துவிட்டுப் போன கையோடு தோன்றியது. அதற்கென்று ஒரு பெட்டி செய்தார், காப்புரிமைக்கு மனுப் போட்டார், வேலையை உதறிவிட்டுக் காரைக்காலுக்கே வந்துவிட்டார். வந்து ஆறு வருஷம் ஆகிறது.

குறுக்கே விழுந்தது ஒரு பிரெஞ்சுக் காப்புரிமை. காப்புரிமை அலுவலகத்தில் அதன் எண்ணைக் குறிப்பிட்டு, "இது ஏற்கெனவே உள்ளதுதானே?" என்று கேட்டிருந்தார்கள். பூமிநாதன் அதன் கடைசி நாலு பக்கத்தை மட்டும் அனுப்பினார். "உரிமை கேக்குற பகுதி இதுதான் சார். முன்பக்கமெல்லாம் சும்மா வளவளா." மாடியில் குடியிருக்கும் மத்லேன் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நாலு பக்கத்தையும் தமிழில் சொன்னார். அந்தப் பிரெஞ்சு முறை வரிசைப்படிதான் கொடுக்கிறது, தேவைப்படி இல்லை. கமாலுதீனுக்குப் போன உயிர் வந்தது.

இன்றைக்கு அதை மட்டும் அதிகாரியிடம் சொல்லிவிட்டால் போதும். சொல்லாவிட்டால் மறுபடி ஷார்ஜாதான்; அங்கிருக்கும் தம்பி அஜ்மீர் விசாவுடன் தயாராக இருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் சோறு வடிக்கும்போது மனைவி அமீர் நிஷா கேட்டுவிட்டாள்.

"இது கெடைக்கலன்னா திரும்பப் போயிருவீங்கள்ல?"

"கெடைச்சிரும்."

"இருபத்திரண்டு வருஷம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சுங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் பீரோவில் டையைத் தேடத் தொடங்கினார்.

சரி, நெட் ஏன் படுத்தது? அந்த வளாகத்துக்கு ஒரே வைஃபைதான். மாடியில் ழான், மத்லேன் தம்பதி. பக்கத்துப் போர்ஷனில் அஜ்மீரின் மனைவி ஜஸீலா. போன் சிக்னலோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் ஒரு கோடு காட்டும். டை கட்டிக்கொண்டு அங்கே ஏற முடியாது.

கமாலுதீன் யோசித்தார். யாரையும் கெஞ்ச வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். மாற்றினார். திரையில் முகம் அசைந்தது. ஒரு நிமிஷம் அசைந்தது.

முதலில் ஜஸீலா வந்தாள்.

"மச்சான், நெட்டு போயிருச்சு. அவர்கிட்ட 'நெஞ்சு வலிக்குது'ன்னு சொல்லிட்டிருந்தேன், அதோட கட்டாயிருச்சு."

"நெஞ்சு வலியா? ஒனக்கா?"

"எனக்கில்ல, சீரியல்ல மாமியாருக்கு. கதை சொல்லிட்டிருந்தேன்."

சொல்லி வாய் மூடவில்லை, லேண்ட்லைன் அடித்தது. அஜ்மீர். ஷார்ஜாவில் சாப்பாட்டு நேரத்தில் அவன் பதறிக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா காக்கா? நான் டிக்கெட் போடுறேன்" என்றான் அண்ணனிடம். அவனுக்குச் சீரியலை விளக்கி முடிக்கவே எட்டு நிமிஷம் ஆயிற்று.

அடுத்து ழான் இறங்கி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மார்பில் பதக்கம் குத்தியிருந்தார்.

"கமாலு, வருஷத்துக்கு ஒரு தடவ நான் உசுரோட இருக்கேன்னு காட்டணும். காட்டுனாத்தான் பென்ஷன். இப்பதான் வீடியோவுல 'தலையை ஆட்டுங்க'ன்னா அந்தப் பொண்ணு. பாதி ஆட்டுனேன், கட்டாயிருச்சு."

"மறுபடி கூப்பிடுங்க முசியே."

"எதுல கூப்பிடுறது? பாதி தலைதான் ஆட்டியிருக்கேன். அங்க என்னை எந்தப் பக்கம் எழுதியிருக்காங்களோ."

கமாலுதீன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். திரையில் முகம் மறுபடி நின்றது. மணி மூன்று இருபது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பெட்டி இருக்கும்போது இவர் ஏன் தவிக்க வேண்டும்? பரணிலிருந்து தன் கண்டுபிடிப்பை இறக்கித் தூசி தட்டி வைஃபையோடு இணைத்தார். அவரவர் போனில் 'அவசரம்' என்றொரு பொத்தான் வரும். அழுத்தினால் பெட்டி தேவையை எடைபோட்டு அலைவரிசையைப் பங்கிடும். பச்சை விளக்கு எரிந்தது. கமாலுதீனுக்குப் பெருமையில் டை இறுகியது.

ழான் அழுத்தினார். ஜஸீலா அழுத்தினாள். ழான் மறுபடி அழுத்தினார். ஜஸீலா விடுவாளா? கமாலுதீனும் அழுத்தினார். பெட்டி கணக்குப் போட்டது. காலையிலிருந்து சோதனை, சோதனை என்று அதிகம் வாங்கிக்கொண்டது இந்த மடிக்கணினிதான் என்று கண்டுபிடித்து, அதைக் கடைசியில் தள்ளிவிட்டது. பெட்டி பிழையில்லாமல் வேலை செய்தது, அதுதான் சங்கடம்.

"அணைச்சுத் தொலைங்க சார்" என்றார் பூமிநாதன்.

அணைக்கும் பொத்தான் வைக்க மறந்திருந்தார் கமாலுதீன். கம்பியைப் பிடுங்கினார். பெட்டிக்கு உள்ளே பேட்டரி இருந்தது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்று அவரே ஆசையாகப் பொருத்திய பேட்டரி.

மணி மூன்றரை. திரையில் அதிகாரி சௌந்தரவல்லி தோன்றினார். நடுத்தர வயது, கறாரான முகம்.

"விண்ணப்பதாரர் இருக்காரா?"

கமாலுதீன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நிற்கும்போது படம் நின்றது. சென்னையில் அவருடைய கைலி மட்டும் ஐந்து நிமிஷம் தெரிந்தது என்று பூமிநாதன் பிறகு சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அமீர் நிஷா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். தகரத்துக்குள் சிக்னல் அடைபட, பச்சை விளக்கு அரிசியோடு அடங்கிப்போனது. பிறகு முற்றத்தில் நின்று குரல் கொடுத்தாள். வைஃபை வந்த நாளிலிருந்து அந்த வளாகம் கேட்டுப் பழகிய குரல்தான்.

"முசியே, நீங்க முதல்ல. நாலு நிமிஷம். முழுத் தலையையும் ஆட்டிட்டு ஆஃப் பண்ணிருங்க. ஜஸீலா, ஒன் மாமியார் நாளைக்குச் சாவட்டும், போனை இங்க குடு."

"லாத்தா, அவரு பேசணும்னாரு" என்று அக்கா முறைக்காரியிடம் இழுத்தாள் ஜஸீலா.

"புள்ளைக்குக் காய்ச்சலா? வேலை போயிருச்சா? இல்லல்ல. அப்ப ராத்திரிக்குப் பேசு. ஏங்க, நாலு நிமிஷம் கழிச்சு அரை மணி நேரம் ஒங்களுக்கு."

நாலு நிமிஷத்தில் மாடியிலிருந்து ழானின் குரல் வந்தது. "இருக்கேன்னு எழுதிட்டாங்க." திரையில் கமாலுதீன் தண்ணீர்போல் ஓடினார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. எத்தனை பேர் காத்திருந்தாலும் தன் முறை தேவையைப் பார்க்கும், அந்தப் பிரெஞ்சு முறையோ வரிசையை மட்டும் பார்க்கும் என்று அடுக்கினார். சௌந்தரவல்லியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"வித்தியாசம் புரியுது. தேவைப்படி குடுக்குறது இதுக்கு முன்னாடி எங்கயும் இல்லன்னா உங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

"எங்கயுமே இல்லங்கம்மா. இது என் மண்டையில மட்டும் உதிச்சது."

முற்றத்தில் அமீர் நிஷா ஜஸீலாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை இனி வெறும் வெள்ளிக்கிழமைதான்.

"ஒரே ஒரு சம்பிரதாயம்" என்றார் சௌந்தரவல்லி. "அந்தப் பிரெஞ்சு ஆவணத்தோட முதல் பக்கத்துல மூணாவது பத்தியை மட்டும் மொழிபெயர்த்து யாரும் தாக்கல் பண்ணல. உங்ககிட்ட பிரெஞ்சு தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

இல்லாமலா? கமாலுதீன் மாடிப்படியைப் பார்த்து, "மதாம், கொஞ்சம் இறங்கி வாங்க" என்றார். மத்லேன் அம்மாள் வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் முதல் பக்கம் விரிந்தது.

"இதென்ன, நம்ம ஆமெலி பேரு போட்டிருக்கு" என்றார்.

"யாரு அது?" என்றார் சௌந்தரவல்லி.

"என் பேத்திங்க. லியோன்ல டெலிபோன் கம்பெனியில இன்ஜினியர். படிக்கிறப்ப ஒவ்வொரு லீவுக்கும் இங்க வந்து மாசக்கணக்கா இருப்பா. எப்பப் பார்த்தாலும் நிஷா பின்னாடியே நோட்டும் கையுமா அலைவா."

கமாலுதீனின் டை மறுபடி இறுகியது. இந்தத் தடவை பெருமையில் இல்லை.

மத்லேன் அம்மாள் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

"'வரிசைப்படி கொடுப்பதற்கு மட்டுமே உரிமை கோருகிறேன், தேவைப்படி கொடுப்பது என் கண்டுபிடிப்பல்ல, காரைக்காலில் என் பாட்டி குடியிருக்கும் வீட்டில் அமீர் நிஷா என்பவர் அதைத் தினமும் முற்றத்தில் நின்று ஊரறியச் செய்துவருகிறார்.'"