மணி அடித்தால் மூச்சு விடாதே

பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போகிறவன் எந்தத் தேசத்தில் இறங்கினாலும் அங்கே அவனுக்காக ஒருவர் காத்திருப்பார். தூதரகத்து ஆள் இல்லை, முதலாளியும் இல்லை. முன்னால் வந்தவர். பதினெட்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாம், போன வாரத்து வேனில் வந்திருக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கு முன்னால் வந்தார், அவ்வளவுதான். நீங்கள் அங்கேயே இருந்து தலை நரைத்துப் பேரன் எடுத்தாலும் அவர் கணக்கில் நீங்கள் பின்னால் வந்தவர்தான். அதற்கு மருந்து கிடையாது.

இத்தாலியில் பாதோவா நகரத்தில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மோல்டோவா நாட்டிலிருந்து வேன்கள் வந்து நிற்கிற மைதானத்துக்குப் போங்கள். ஊறுகாய் ஜாடியும் ஆட்டுப்பால் சீஸும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த வீட்டு ஒயினும் இறங்கிக்கொண்டிருக்கும். கூடவே, உட்கார்ந்து உட்கார்ந்து கால் வீங்கிப்போன நாலைந்து புது ஆட்களும் இறங்குவார்கள். கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தியை மேற்பார்வை பார்க்கிற பெண் வீட்டு மாமன் மாதிரி ஒருவர் நிற்பார். அவர்தான்.

"பெட்டியத் தரையில வைக்காத!"

இது முதல் உபதேசம். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டால் "நான் வந்த காலத்துல..." என்று ஆரம்பிப்பார், அப்புறம் பெட்டியில் நீங்கள் கொண்டுவந்த கோழிக்கறி வெயிலில் கெட்டுப்போகும்.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் யெஃபீமை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து பதினெட்டு வருஷம். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். எந்தக் காரியம் கேட்டாலும் "எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்பார். அந்த ஆள் ஜெர்மனிக்குப் போய் நாளாகியிருக்கும். அவர் வந்த காலத்தில் இங்கே தங்குவதற்கு அனுமதிக் காகிதம் என்று ஒன்றும் கிடையாது. ஓர் அறையில் ஏழு பேர். வாசல் மணி அடித்தால் போலீஸ் என்று அர்த்தம். டிவியை அணை, அடுப்பை அணை, தரையில் படு, மூச்சு விடாதே. அன்றைக்கு அது சரியான சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் காகிதம் வந்தது. பழைய முதலாளி தன் கிடங்கு விலாசத்தையே கொடுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்தார். பயப்பட ஒன்றுமே இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சட்டம் போயிற்றா? எங்கே போகும்! இன்றைக்கும் மணி அடித்தால் அவர் சம்சாரம் லியூபாவின் கை தானாக அடுப்புத் திருகுக்குப் போகும். குடியிருக்கிற நாலாவது மாடி வீட்டின் வாசலில் இன்னும் 'பெர்தொலின்' என்றுதான் எழுதியிருக்கிறது. அது வீட்டுக்காரக் கிழவியின் பெயர். கிழவி செத்து அடக்கமாகி, வாடகை அவள் மகனுக்குப் போகிறது. பெயரை மாற்ற யெஃபீம் விடவில்லை.

"செத்தவளத் தேடி எந்தப் போலீஸும் வரமாட்டான்" என்பார். பெருமையாக.

இந்த வீட்டுக்குத்தான் லியூபாவின் தம்பி ரூஸ்லான் வந்து சேர்ந்தான். வேலை தயாராக இருந்தது, கையில் ஐரோப்பியப் பாஸ்போர்ட்டும் இருந்தது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நகராட்சியில் குடியிருப்புப் பதிவு. பதிவு இருந்தால்தான் மகளுக்கு நகராட்சி நர்சரியில் இடம். பிள்ளை நர்சரிக்குப் போனால்தான் அவன் பெண்டாட்டி ஔரிகா சலவைக் கம்பெனி வேலைக்குப் போக முடியும். இல்லையென்றால் அவள் சொந்த ஊர் சொரோக்காவிலும் இவன் இங்கேயுமாக, போன் திரையில்தான் குடும்பம்.

ரூஸ்லான் தானாகவே நகராட்சிக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தான். அதிலேயே யெஃபீமுக்கு மனத்தாங்கல்.

"அத்தான், நான் நெஜமா இங்கதான் இருக்கேனான்னு பாக்க ஆள் அனுப்புவாங்களாம். வீட்டுல இருக்கணுமாம், வாசல்ல பேரு இருக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"கவுண்டர்ல இருந்த பொண்ணு."

"அது என்னைக்காவது மணிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில படுத்திருக்கா? அதுக்கு என்ன தெரியும்? மாப்ள, எந்த ஊருலயாவது கவர்மெண்டு நாலு மாடி ஏறி வந்து, 'தம்பி சௌக்கியமா'ன்னு கேக்குமா? மணி அடிச்சா மூச்சு விடாத. அது போதும்."

பதினெட்டு வருஷ அனுபவம் ஒரு பக்கம், கவுண்டரில் ஒரு பெண் இன்னொரு பக்கம். நீங்கள் யாரை நம்பியிருப்பீர்கள்? அவனும் அவரைத்தான் நம்பினான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மக்காச்சோளக் களியும் கோழிச் சூப்புமாக மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. லியூபா அடுப்பை அணைத்தாள். யெஃபீம் டிவியை அணைத்தார். ரூஸ்லான் வாயில் கரண்டியோடு அப்படியே சிலையாகிவிட்டான். வெளியே யாரோ படியேறின மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது கேட்டது. அப்புறம் இறங்கிப்போனது.

"பாத்தியா?" என்றார் யெஃபீம், ஊரையே காப்பாற்றினவர் மாதிரி.

சில நாள் கழித்து மறுபடியும் அதே மணி, அதே மூச்சு, அதே சிலை.

நர்சரிக்குப் பெயர் கொடுக்கிற காலம் முடியப்போகிறது என்று ரூஸ்லான் நகராட்சிக்கு விசாரிக்கப் போனான். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருக்காங்க அத்தான். அந்த வீட்டுல செத்துப்போன கிழவியத் தவிர யாரும் இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க. கெஞ்சிக் கூத்தாடினதுல இன்னும் ஒரே ஒரு தடவ வரேன்னிருக்காங்க. அப்பவும் ஆள் இல்லன்னா மனு தள்ளுபடி."

அன்று சாயங்காலம் ஔரிகா போனில் வந்தாள், பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தள்ளுபடி கிள்ளுபடி எல்லாம் அவளுக்கு அப்புறம்.

"இத்தாலி கவர்மெண்டே சொல்லுது நீ அங்க இல்லன்னு! அப்ப எங்க இருக்க? எவ வீட்டுல இருக்க?"

"அடியேய், இந்தா பாரு, அக்கா பக்கத்துலதான் நிக்கிறா!"

"உங்க அக்கா உனக்காகப் பொய் சொல்லமாட்டாளாக்கும்! கவர்மெண்டுக்கு எதுக்குடா பொய் சொல்லணும்?"

லியூபா போனை வாங்கி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "உங்க சட்டத்தக் கொண்டுபோய் அந்தக் கிழவி பக்கத்துலயே பொதச்சுடுங்க. என் தம்பி குடும்பம் கெட்டுச்சுன்னா இந்த வீட்டுல உங்களுக்குச் சூப்பு கெடையாது, ஆமா."

ரூஸ்லான் கிழவியின் பெயருக்குக் கீழே தன் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினான். அதற்குப் பிறகு வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. குளிக்கப் போனால் கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தான்.

ஆனால் பாருங்கள், அந்த மூன்றாவது மணி அடித்தபோது ரூஸ்லான் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தான். லியூபா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் யெஃபீம் மட்டும்தான்.

கேட்ட மாத்திரத்தில் டிவி அணைந்தது. அவர் அணைக்கவில்லை, கை அணைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தே விட்டார். ஐம்பது வயது ஆள், காகிதம் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, வரி கட்டுகிறார், சொந்தக் கார் வைத்திருக்கிறார், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். வெளியே மூச்சு வாங்குகிற சத்தம். பேனா மூடியைத் திறக்கிற சத்தம். ஒரு படி இறங்கின சத்தம்.

சூப்பு நினைப்பு வந்ததோ, போனில் அழுத குழந்தையின் நினைப்பு வந்ததோ, அவருக்கே தெரியாது. எழுந்து ஓடிக் கதவைத் திறந்துவிட்டார்.

"இருக்கான்! ரூஸ்லான் இருக்கான்! இங்கதான் சாப்புடுறான், இங்கதான் தூங்குறான், குறட்டை கூட விடுவான்!"

நகராட்சிப் போலீஸ்காரர் பருத்த மனிதர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணு தடவ நாலு மாடி ஏற வச்சுட்டீங்களேய்யா. டாக்டர் என்னைப் படியே ஏறக்கூடாதுன்னிருக்காரு." ரூஸ்லானும் ரொட்டியோடு மேலே ஓடிவந்தான். போலீஸ்காரர் கட்டிலைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சரி என்று எழுதினார். அப்புறம் யெஃபீம் பக்கம் திரும்பினார்.

"அது சரி, நீங்க யாரு?"

"நானா? இது என் வீடுங்க!"

"உங்க பதிவு எங்க இருக்கு?"

முதலாளியின் கிடங்கு விலாசத்தைச் சொன்னார். போலீஸ்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கிடங்க இடிச்சுப் பூங்கா கட்டியாச்சே. நீங்க இத்தன நாளா ஊஞ்சல்லயா குடியிருக்கீங்க?"

மறுநாள் ரூஸ்லான்தான் யெஃபீமை நகராட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அத்தான், சீட்டு எடுத்துக்கிட்டு இங்க உக்காரணும்... நம்பர் வந்ததும் எந்திரிங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். யெஃபீம் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கவுண்டரில் அதே பெண்.

இலை உதிர்கிற காலத்தில் ஔரிகாவும் பிள்ளையும் வேனில் வந்து இறங்கினார்கள். ஔரிகா முதல் வேலையாகக் குளியலறையில் வேறு பெண்ணின் சீப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வாசலில் கிழவி பெயர் போய்விட்டது. மேலே ரூஸ்லான், கீழே யெஃபீம். பின்னால் வந்தவன் மேலே!

யெஃபீம் திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? நன்றாகத் திருந்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்தில், பெத்ரு என்று புதிதாக இறங்கின ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியத் தரையில வைக்காத! இந்த ஊருல ஒரே சட்டம்தான். மணி அடிச்சா ஓடிப்போய்த் தெற. யாரு வந்தாலும் தெற. என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போடு. என் அனுபவத்துல சொல்றேன்."

பெத்ரு சொன்னபடி செய்தான். மணி அடித்த ஒரு விற்பனைக்காரன் புண்ணியத்தில் ஒரே வாரத்தில், கம்பளமே இல்லாத அறைக்குக் கம்பளம் சுத்தம் செய்கிற மிஷின் ஒன்று தவணையில் வந்து சேர்ந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு பெத்ருவையும் மைதானத்தில் பார்க்க முடிந்தது. அன்றைய வேனில் இறங்கின ஒருவனிடம் ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நான் வந்த காலத்துல... இங்க பாருண்ணே, மணி அடிச்சா மட்டும் மூச்சு விடாத."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் மோல்டோவாக்காரரும் இல்லை, பாதோவாவும் பார்த்ததில்லை, சரி. உங்கள் கம்பெனிக்குப் போன மாதம் புதிதாக ஒருவன் சேர்ந்தானே, அல்லது உங்கள் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்ததே, அவர்களிடம் தண்ணி எப்போது வரும், யாரை நம்பக்கூடாது என்று நின்று பேசினீர்களே, அப்போது உங்கள் கை இரண்டும் எங்கே இருந்தன? முன்னால்தானே? பின்னால் கட்டிக்கொண்டிருக்கவில்லையே?

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.